ஆமைக்கல்லுக்கு எத்தனை இஞ்ச்?

மெக்கானிக்: வண்டிய எத்தன இஞ்ச் தூக்கணும் சிஸ்டர்?

நர்ஸ்: நாலு.

மெக்கானிக்: நாலு இஞ்ச்சா!

நர்ஸ்: ஆமா. வண்டிய நாலு இஞ்ச் தூக்கிக் குடுங்க. ஒரு நூல் குறையக் கூடாது.

மெக்கானிக்: துணிக்கடையில நாலு முழம் கிழிங்கன்னு சொல்ற மாதிரி சொல்றீங்களே சிஸ்டர்...

நர்ஸ்: ஏன், கிடைக்காதா?

மெக்கானிக்: கிடைக்கும். ஆறு கூடக் கிடைக்கும். அந்தா நிக்குது பாருங்க, மஞ்சக் கலர் ஜீப்பு. ஆறு இஞ்ச்.

நர்ஸ்: அம்மாடி! ஒட்டகத்துக்குப் பெயின்ட் அடிச்ச மாதிரி... எந்த மலைக்குப் போகுது?

மெக்கானிக்: மலையா? ஒரு வசதியான வீட்டுப் பையன் வண்டி. சாயங்காலம் ஐஸ்கிரீம் கடை வரைக்கும் போகும். திரும்பி வரும்.

நர்ஸ்: அதுக்கு ஆறு இஞ்ச்சா?

மெக்கானிக்: கடை வாசல்ல ஒரு வேகத்தடை இருக்காம்.

நர்ஸ்: போங்க... நான் விளையாட்டுக்குக் கேக்கல மேஸ்திரி. மலையில பதினேழு குடியிருப்பு. பதினோரு வருஷமா பிரசவம், தடுப்பூசி, பாம்புக்கடி எல்லாத்துக்கும் இந்தக் கழுதையிலதான் போறேன்.

மெக்கானிக்: ஜீப்புக்குப் பேரு கழுதையா?

நர்ஸ்: சுமக்கும், கத்தும். நினைச்ச இடத்துல நின்னுக்கும். வேற என்ன பேரு வைக்கிறது? மூணு ஒர்க்ஷாப் ஏறி இறங்கிட்டேன். ஒருத்தர் சிரிச்சாரு. ஒருத்தர் இத வித்துட்டு வேற வாங்குங்கன்னாரு. மூணாவது ஆள்தான் உங்களச் சொன்னாரு. சந்து கோடியில ஒரு புருஷன் பொண்டாட்டி இருக்காங்க, அவரு வண்டிக்குக் கால் பாப்பாரு, அந்தம்மா வண்டிக்கு உடுப்பு தைப்பாங்கன்னு.

மெக்கானிக்: அது சரிதான். சீட்டு, கூரை, திரை எல்லாம் அவதான். உள்ள மெஷின் சத்தம் கேக்குதில்ல? சரி, நீங்க சொல்லுங்க சிஸ்டர். நீங்க சொல்லுங்க, நான் செய்றேன்.

நர்ஸ்: ...என்ன சொன்னீங்க?

மெக்கானிக்: நீங்க சொல்லுங்க, நான் செய்றேன்னு.

நர்ஸ்: ம்... ஒண்ணுமில்ல. எங்கயோ கேட்ட மாதிரி இருந்துச்சு.

மெக்கானிக்: எங்க தொழில்ல எல்லாரும் சொல்றதுதானே. எழுத ஒரு தாள் இருக்கா? அளவு குறிக்கணும்... அந்தக் கவரக் குடுங்களேன்.

நர்ஸ்: ஐயோ, அதுல வேணாம்! அது அஞ்சு மணிக்குள்ள ஆபீஸுக்குப் போகணும்.

மெக்கானிக்: அப்படி என்ன கவரு?

நர்ஸ்: மாத்தல் கடுதாசி. கீழ பெரிய ஆஸ்பத்திரியில இடம் காலியா இருக்கு. ஃபேனு, லிஃப்ட்டு, எட்டு மணி நேர வேலை. என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. இன்னிக்குக் கடைசி நாள்.

மெக்கானிக்: நல்லதுதானே. போட்டுட வேண்டியதுதானே?

நர்ஸ்: நான் இறங்கிட்டா எனக்குப் பதிலா மேல யாரும் ஏற மாட்டாங்க. மூணு வருஷமா துணைக்கு ஆள் கேட்டே வரல.

மெக்கானிக்: அப்ப போடாதீங்க.

நர்ஸ்: அதுதான் உங்ககிட்ட வந்திருக்கேன். வழியில ஓடைக்கு நடுவுல ஒரு கல்லு. ஆமைக்கல்லும்பாங்க. மழை காலத்துல இந்தக் கழுதை அதத் தாண்டும்னு நீங்க சொன்னா, கவரக் கிழிச்சுடறேன். தாண்டாதுன்னா... கையெழுத்து.

மெக்கானிக்: ...ஆமைக்கல்லு.

நர்ஸ்: தெரியுமா?

மெக்கானிக்: கேள்விப்பட்டிருக்கேன்.

நர்ஸ்: போன வருஷ மழையில அது மேல உக்காந்துட்டேன். ரெண்டு மணி நேரம். இன்னொரு தடவ அந்தக் கல்லு மேல உக்காந்துக்கிட்டு ஒருத்தர்கிட்ட... ம். அத விடுங்க.

மெக்கானிக்: கல்லு எங்க இடிச்சுது? வண்டி வயித்துலயா, பின் அச்சுலயா?

நர்ஸ்: அத யாரு பாத்தா? வண்டி நின்னுச்சு, அவ்வளவுதான்.

மெக்கானிக்: பின் அச்சுதான்.

நர்ஸ்: எப்படி அவ்வளவு உறுதியா சொல்றீங்க?

மெக்கானிக்: அடியில பாத்தேன். அச்சுக்கு நடுவுல பூசணிக்கா மாதிரி ஒரு உருண்டை இருக்குல்ல? அதுல கீறல்.

நர்ஸ்: நீங்க இன்னும் அடியில போகவே இல்லியே.

மெக்கானிக்: குனிஞ்சு பாத்தேன்.

நர்ஸ்: எப்ப குனிஞ்சீங்க?

மெக்கானிக்: நாடியப் புடிச்சுக் காய்ச்சல்னு சொன்னா, எப்படித் தெரியும்னு டாக்டரக் கேப்பீங்களா?

நர்ஸ்: நான் கேப்பேன்.

மெக்கானிக்: கேப்பீங்க போலத்தான் இருக்கு... சிஸ்டர், ஒரு கசப்பான விஷயம். நாலு என்ன, மஞ்ச ஜீப்பு மாதிரி ஆறு இஞ்ச் தூக்குனாலும் அந்த உருண்டை அதே கல்லுலதான் இடிக்கும்.

நர்ஸ்: என்ன இது, நாலு தூக்குனா எல்லாமே நாலு ஏறாதா?

மெக்கானிக்: ஓடையில இறங்கும்போது துணியத் தூக்கிப் புடிக்கிறீங்க. துணி நனையாது. அதுக்காக முட்டி ஏறுமா?

நர்ஸ்: ...முட்டி எப்படி ஏறும்?

மெக்கானிக்: அதேதான். வண்டியத் தாங்குற கமான் பட்டைய மாத்தித் தூக்குறது துணியத் தூக்குற மாதிரி. வண்டியோட உடம்பு ஏறும். அச்சு நின்ன இடத்துலதான் நிக்கும். முட்டி ஏறணும்னா உசரமான செருப்பு போடணும்.

நர்ஸ்: டயரு!

மெக்கானிக்: டயரு.

நர்ஸ்: அப்ப பதினாலு மாசமா நான் தப்பான கணக்கத்தான் மனசுல போட்டுக்கிட்டு... அந்த மூணு பேர்ல ஒருத்தர் கூட இதச் சொல்லலியே.

மெக்கானிக்: கேட்டதக் குடுத்துட்டா வேலை சுலபம். செருப்பு பெருசானா துணி அதுல தட்டும், இல்லியா? அதுக்காகத்தான் கொஞ்சம் தூக்கணும். ரெண்டரை இஞ்ச் போதும். கல்லு எவ்வளவு உசரம்?

நர்ஸ்: இருபத்து நாலு சென்டிமீட்டர். கோடையில தண்ணி வத்துனப்ப அளந்தேன். மாசமா இருக்கறவங்க வயிறு அளக்குற டேப்புல.

மெக்கானிக்: இருபத்து நாலரைன்னு வச்சுக்குங்க.

நர்ஸ்: அளந்தது நான் மேஸ்திரி.

மெக்கானிக்: பாசி புடிக்கும்ல? பாசிக்கு அரை.

நர்ஸ்: பாசி அரை சென்டிமீட்டரா? ஆளப் பாத்தா கல்லோட சொந்தக்காரர் மாதிரிப் பேசுறீங்க.

மெக்கானிக்: இப்ப உங்க உருண்டை தரையிலேருந்து இருபது. டயர் உசரம் பதினொண்ணு கூடுனா, அதுல பாதி அச்சு ஏறும். இருபத்தஞ்சரை. கல்லுக்கும் உருண்டைக்கும் நடுவுல ஒரு விரல் இடம்.

நர்ஸ்: ஒரு விரலா! ஒரு விரல நம்பி நான் போகணுமா?

மெக்கானிக்: ஊசிக் காதுல நூலுக்கு எவ்வளவு இடம் இருக்கு? அத நம்பித்தானே தையல் போடுறீங்க.

நர்ஸ்: பேச்சுல உங்களத் தாண்ட முடியாது போல. சரி, பின்னால ஆள் ஏத்துனா வண்டி இறங்கிடாதா? அந்த ஒரு விரலும் போயிடுமே.

மெக்கானிக்: அடடா... சிஸ்டர், இந்தக் கேள்விய என்கிட்ட இதுவரைக்கும் ஒரு ஆளு கேட்டதில்ல. இறங்கும். ஆனா உடம்புதான் இறங்கும், அச்சு இறங்காது. விரல் பத்திரம்.

மனைவி: ஏங்க, வந்தவங்கள நிக்க வச்சே பாடம் நடத்துறீங்களா? அக்கா, டீ. இந்த ஸ்டூல்ல உக்காருங்க. எண்ணெய்க் கறை இல்லாத ஸ்டூலு இந்தக் கடையிலேயே இது ஒண்ணுதான்.

நர்ஸ்: அதுக்குள்ள டீயா? நன்றிம்மா... இடுப்புல யாரு, குட்டி முதலாளியா?

மனைவி: முதலாளியம்மா. நட்டு போல்ட்டெல்லாம் வாயில போட்டுப் பாத்துத்தான் வாங்குவாங்க... அக்கா குரல் நல்லாயிருக்கு.

நர்ஸ்: என் குரலா! நாள் முழுக்கக் கத்திக் கத்தித் தகரமா போச்சு. வாடி செல்லம்... எத்தன பல்லு? ஒண்ணு, ரெண்டு... ஆறு. அழகு. எத்தன மாசம்?

மனைவி: பதினாலு.

நர்ஸ்: நல்ல எடை. முதுகு நல்லா நிக்குது. எந்த ஆஸ்பத்திரியில பொறந்தா?

மனைவி: ஆஸ்பத்திரி இல்லக்கா. எங்க அம்மா வீட்டுல...

மெக்கானிக்: சிஸ்டர்! டீ ஆறிடப் போகுது. குடிச்சதும் நீங்க பின்னால படுக்கணும்.

நர்ஸ்: எங்க?

மெக்கானிக்: முதல்ல மஞ்ச ஜீப்புல. அப்புறம் உங்க வண்டியில. பட்டை எது போடலாம்னு படுத்துப் பாத்துத்தான் சொல்ல முடியும். ஓட்டறவங்க சொல்றத நான் எடுத்துக்க மாட்டேன். உள்ள யாரு குலுங்கறாங்களோ, அவங்க சொல்லணும்.

நர்ஸ்: இது என்ன வைத்தியம்?

மனைவி: இவரோட வழக்கம்க்கா. போன மாசம் மீன் வண்டிக்காரர் வந்தாரு. அவரப் பெட்டிக்குள்ள உக்கார வச்சுட்டாரு. மீனு பேசாதே, அதுக்குப் பதிலா நீங்க பேசுங்கன்னு.

நர்ஸ்: சரி, ஏறிப் பாக்கறேன்... எங்க கால வைக்கிறது? படி எங்க இருக்கு?... இருங்க, இருங்க... ஒரு ஏணி கொண்டாங்களேன்!

மெக்கானிக்: ஏணி கிடையாது. ஏறுங்க.

நர்ஸ்: என்னால முடியல. மூச்சு வாங்குது.

மெக்கானிக்: உங்களுக்கே வாங்குதுன்னா, ஒன்பது மாசக்காரி ஏறுவாளா? நாலுல கொஞ்சம் கம்மியா வாங்கும், அவ்வளவுதான். கல்ல மட்டும் நினைச்சுக்கிட்டு நீங்க நாலு கேட்டீங்க.

நர்ஸ்: கல்ல மட்டும்தான் நினைச்சேன். வண்டியில ஏறப்போறவள மறந்துட்டேன். பதினோரு வருஷம் நர்ஸு, எனக்குத் தோணல பாருங்க.

மெக்கானிக்: கல்லு மேல உக்காந்தவங்களுக்குக் கல்லுதான் தெரியும். வாங்க, உங்க கழுதையில படுங்க. மஞ்ச ஜீப்புல படுக்கறதத் தள்ளுபடி பண்ணிட்டேன்.

நர்ஸ்: படுத்தாச்சு.

மெக்கானிக்: நான் பம்பர்ல ஏறி நின்னு குலுக்கப் போறேன். இது மலையிலேருந்து இறங்கி வர்ற பாதைன்னு நினைச்சுக்குங்க. எங்க வலிக்குதோ சொல்லுங்க.

நர்ஸ்: ஆ... ஐயோ... மெதுவா! நடு முதுகுல குத்துது. தலை தகரத்துல இடிக்குது. இப்படியா இருக்கும்? நான் முன்னால உக்காந்துக்கிட்டு "இதோ வந்துடும், பொறுத்துக்கோம்மா"ன்னு சொல்லிக்கிட்டே போவேனே...

மனைவி: அக்கா? என்ன, பேச்சக் காணோம்?

நர்ஸ்: இங்க ஒரு வார் தொங்குது. பிடிச்சுக்கறதுக்கு நான்தான் கட்டினேன். இதுல... பல்லுத் தடம். ஒண்ணு ரெண்டு இல்லம்மா. வார் முழுக்க. பதினோரு வருஷத்துல நான் ஒரு நாள் கூட இங்க படுத்ததில்ல.

மெக்கானிக்: வார மாத்தித் தரச் சொல்றேன்.

மனைவி: மாத்த மாட்டேன். அந்த வாருக்கு மேல மெத்துனு ஒரு உறை தைக்கிறேன். உள்ள அது அப்படியே இருக்கட்டும். மெத்தைக்கும் அளவு எடுக்கணும்... அக்கா, நீங்க கொஞ்சம் எழுந்திரிங்க. எழுத எதுவும்... இந்தக் கவர்ல எழுதிக்கவா?

நர்ஸ்: அதுல...

மனைவி: பின்பக்கம்தான்க்கா. ஆறடி... ரெண்டே கால்... ஆச்சு. நான் போய் துணி வெட்டறேன். குட்டி, வா, அம்மாகூட வா.

நர்ஸ்: மேஸ்திரி, உங்க வீட்டம்மா கெட்டிக்காரி.

மெக்கானிக்: அதுல எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல. சரி சிஸ்டர், முடிவுக்கு வருவோம். கட்டிப் பட்டை வேணாம். நீளமான, மெல்லிசான பட்டை, ஒண்ணுக்குப் பதிலா ரெண்டு சேத்து. ரெண்டரை இஞ்ச். பெரிய டயரு. படியும் ஒண்ணு அடிச்சுத் தரேன். ஏறவும் முடியும், படுக்கவும் முடியும், கல்லையும் தாண்டும்.

நர்ஸ்: பட்டை வர எத்தன நாள் ஆகும்? அஞ்சு மணிக்குள்ள நான் முடிவு சொல்லணும்.

மெக்கானிக்: இங்கயே இருக்கு. அந்த மூலையில துணி சுத்தி வச்சிருக்கேன் பாருங்க. டயரும் இருக்கு.

நர்ஸ்: இந்த வண்டிக்கா? இது எவ்வளவு பழைய மாடல்! எத்தன நாளா வச்சிருக்கீங்க?

மெக்கானிக்: அது... ஒரு வருஷம் இருக்கும். மேலேயே இருக்கும்.

நர்ஸ்: யாருக்காக?

மெக்கானிக்: எப்பவாவது இந்த மாதிரி வண்டி ஒண்ணு வரும்னுதான்... சிஸ்டர், கையாள் இன்னிக்கு வரல. நான் அடியில போறேன். நீங்க ஜாக்கிக் கட்டைய அழுத்துவீங்களா?

நர்ஸ்: அழுத்தறேன். எனக்குத் தெரியாத ஜாக்கியா?

மெக்கானிக்: அவசரமே இல்ல. நான் சொல்றப்ப மட்டும் அழுத்துங்க... இப்ப... ம்... நிறுத்துங்க. மூச்ச விடுங்க. நல்லா விடுங்க. அடுத்தது வரும்... இப்ப அழுத்துங்க... அழகு. அழகு. அவ்வளவுதான்... என்ன சிஸ்டர், நிறுத்திட்டீங்க?

நர்ஸ்: இந்த மாதிரிப் பேச எங்க கத்துக்கிட்டீங்க?

மெக்கானிக்: எந்த மாதிரி?

நர்ஸ்: இது என் பேச்சு தம்பி. வார்த்தைக்கு வார்த்தை.

மெக்கானிக்: உங்களுக்கு போன் அடிக்குது சிஸ்டர். எடுங்க.

நர்ஸ்: ...ஹலோ? ஆங், சொல்லுங்க சார். ஆமா சார், கவர் கையிலதான் இருக்கு... வந்துக்கிட்டே இருக்கேன் சார்... ஆமா, வண்டியிலதான். இதோ வந்துட்டேன், வளைவு தாண்டிட்டேன். ஒரு பத்தே நிமிஷம்... சரி சார்.

மெக்கானிக்: நாலு சக்கரமும் தரையில இல்ல. எந்த வளைவத் தாண்டுனீங்க?

நர்ஸ்: சும்மா... ஆபீஸர் பதறுறாரு. அதான்.

மெக்கானிக்: அதே வளைவா, சிஸ்டர்?

நர்ஸ்: அன்னிக்கு போன்ல... நீங்கதானா அது.

மெக்கானிக்: நான்தான்.

நர்ஸ்: "நீங்க சொல்லுங்க, நான் செய்றேன்." வந்தவுடனே நீங்க அதச் சொன்னப்பவே எனக்குப் பாதி உயிர் போயிடுச்சு. இருக்காது, இருக்காதுன்னு... நீங்க எப்பக் கண்டுபிடிச்சீங்க?

மெக்கானிக்: "நாலு"ன்னு சொன்னீங்களே. அந்த ஒத்தை வார்த்தையில.

நர்ஸ்: அப்ப அந்தக் குழந்தை... ஆறு பல்லு...

மெக்கானிக்: அவதான்.

நர்ஸ்: என்ன மன்னிச்சிடுங்க தம்பி.

மெக்கானிக்: எதுக்கு?

நர்ஸ்: பொய் சொன்னேன். ஒண்ணே கால் மணி நேரம் பொய் சொன்னேன். கல்லு மேல உக்காந்துக்கிட்டு வந்துட்டேன், வளைவு தாண்டிட்டேன்னு... இறங்கி நடந்தா இடுப்பு வரைக்கும் தண்ணி. ஓடையத் தாண்டுனா ஊரு வர்ற வரைக்கும் போன்ல சிக்னல் இல்ல. கல்லு மேல மட்டும்தான் உங்க குரல் கேட்டுச்சு. வரவும் முடியல, விடவும் முடியல. நீங்க "தலை தெரியுது சிஸ்டர்"னு சொன்னீங்க... அதோட சார்ஜ் போச்சு. மறுநாள் தண்ணி வடிஞ்சு ஓடி வந்து பாத்தா வீடு பூட்டியிருக்கு.

மெக்கானிக்: காலையில டிராக்டர்ல அந்தப் பக்கமா இறக்கிட்டோம்.

நர்ஸ்: மூணாம் நாள் ரெஜிஸ்டர்ல பாத்தேன். தாயும் சேயும் நலம். அப்படியே தரையில உக்காந்துட்டேன். உங்களத் தேடி வரணும்னு நினைப்பேன். எந்த முகத்தோட வர்றது?

மெக்கானிக்: நாங்க உங்க ஆஸ்பத்திரிக்கு வந்தோம். நாப்பதாம் நாள் குழந்தையத் தூக்கிக்கிட்டு. நீங்க மேல போயிருந்தீங்க. அந்த நாளப் பத்தி யாராவது பேசுனாலே சிஸ்டர் எழுந்து போயிடுவாங்கன்னு அங்க சொன்னாங்க. சரி, நம்ம பேசி அவங்களக் கஷ்டப்படுத்த வேணாம், என்னிக்காவது வண்டி நம்மகிட்ட வராமலா போகும்னு திரும்பிட்டோம். திரும்பறதுக்கு முன்னால ஓடை வரைக்கும் போய் அந்தக் கல்ல அளந்தேன்.

நர்ஸ்: இருபத்து நாலரை.

மெக்கானிக்: இருபத்து நாலரை. இரும்பு டேப்பு. உங்க துணி டேப்பு இழுத்தா நீளும்.

நர்ஸ்: அதுக்குத்தான் அந்தப் பட்டையா... பதினாலு மாசம்... தம்பி, கடைசி வரைக்கும் நீங்க தனியா எப்படிச் செஞ்சீங்க? போன் போனப்புறம்?

மெக்கானிக்: போன் போகலன்னு நினைச்சுக்கிட்டேன். அதுவரைக்கும் நீங்க சொன்னதையே நீங்க சொல்ற மாதிரி சொல்லிக்கிட்டேன். மூச்ச விடுங்க, அடுத்தது வரும், அழகு... குழந்தை வந்துடுச்சு சிஸ்டர். அதுக்கப்புறம்தான் ஒரு வாரம் ஸ்பேனர் புடிக்க முடியல.

நர்ஸ்: என் கையில எத்தனையோ பிரசவம். உங்கள மாதிரி ஒரு ஆள நான் பாத்ததில்ல. கேள்வி கேக்கல, கத்தல. ஆனா நான் பாவி, ஏமாத்திட்டேன் உங்கள.

மெக்கானிக்: யாரு ஏமாந்தா?

நர்ஸ்: என்ன?

மெக்கானிக்: முத போன்லயே தெரியும் சிஸ்டர். பின்னால எஞ்சின் அலறுச்சு, ஆனா சுமை இழுக்கற சத்தம் இல்ல. சக்கரம் அந்தரத்துல சுத்தறப்ப ஒரு விசில் வரும். பின் அச்சுல உக்காந்திருக்கு, இன்னிக்கு இது நகராதுன்னு அப்பவே தெரியும்.

நர்ஸ்: தெரிஞ்சுமா... தெரிஞ்சுமா "சரிங்க சிஸ்டர், வாங்க வாங்க"ன்னு சொன்னீங்க?

மெக்கானிக்: போன் ஸ்பீக்கர்ல இருந்துச்சு. அவ கேட்டுக்கிட்டு இருந்தா. நர்ஸு வர மாட்டாங்கன்னு தெரிஞ்சா அவளுக்கு உடம்புல தெம்பு நிக்குமா? நீங்க வளைவத் தாண்டிட்டீங்கன்னு நான் வேற ஜன்னல் பக்கம் போய் எட்டிப் பாத்தேன். "வெளிச்சம் தெரியுதும்மா"ன்னேன்.

நர்ஸ்: என் தம்பி...

மெக்கானிக்: மெதுவா. அவளுக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. நீங்க பக்கத்துல வந்துட்டீங்கங்கற நம்பிக்கையிலதான் பெத்தா. அதுக்கப்புறம் தண்ணி ஏறி உங்களத் திருப்பி அனுப்பிடுச்சுன்னு சொல்லி வச்சிருக்கேன். அப்படியே இருக்கட்டும்.

நர்ஸ்: மறுபடியும் போன். ஆபீஸ்தான்.

மெக்கானிக்: சிஸ்டர்... முடிவு உங்களுது. நான் ஒண்ணும் சொல்லல. ஆனா வண்டி தாண்டும். ஒரு விரல் இடம் இருக்கு.

நர்ஸ்: ஹலோ... சார், உண்மையச் சொல்லிடறேன். வளைவெல்லாம் தாண்டல. வண்டி ஒர்க்ஷாப்புல அந்தரத்துல நிக்குது... இல்ல சார், ஆட்டோவுலயும் வரல. கவரா? அதுல மெத்தைக்கு அளவு எழுதியாச்சு சார்... மெத்தை சார், மெத்தை. படுக்கற மெத்தை... கீழ வேற யாரையாவது போட்டுக்குங்க. நான் மேலதான். ஆமா. யோசிச்சுத்தான் சொல்றேன். வைக்கிறேன்... என்ன தம்பி, வாயப் பொளந்துக்கிட்டு? அடியில போங்க. நான் அழுத்தறேன். சாயங்காலத்துக்குள்ள முடியுமா?

மெக்கானிக்: நாளைக்கு மத்தியானத்துக்குள்ள முடிப்பேன். கல்லு மேல முத தடவ ஏத்தும்போது நானும் பக்கத்துல உக்காந்து வரேன்.

நர்ஸ்: வாங்க. ஆனா வீட்டம்மாகிட்ட இதெல்லாம்...

மெக்கானிக்: மூச்சு விட மாட்டேன். அவளுக்கு எப்படிக் கேக்கும்? மெஷின் ஓடுதில்ல.

மனைவி: ஊசி ஒடிஞ்சு மெஷின் நின்னு அரை மணி நேரமாச்சு. ரெண்டு பேரும் நல்லா இருக்கீங்க! அக்கா, அது நான் பொறந்து வளந்த ஊரு. அங்க இருக்கறதே ஒரே ஒரு வளைவு. நீங்க அத அன்னிக்கு மூணு தடவ தாண்டுனீங்க. இவரு பாத்த ஜன்னலு மாட்டுக் கொட்டாய்ப் பக்கம், ரோடே தெரியாது. ஆறு வருஷமா இந்தக் கடையில தைக்கிறேன், சக்கரம் அந்தரத்துல சுத்துனா எப்படி விசில் அடிக்கும்னு எனக்குத் தெரியாதா? நீங்க அங்க அழறத அடக்கிக்கிட்டுப் பேசுறீங்க, இவரு இங்க வேர்த்து ஊத்திக்கிட்டு நிக்கறாரு. நானும் தெரிஞ்சதா காட்டிக்கிட்டா நீங்க ரெண்டு பேரும் ஒடஞ்சு போயிடுவீங்களேன்னுதான் வலியோட வலியா "அக்கா வந்துட்டாங்களா, அக்கா வந்துட்டாங்களா"ன்னு கேட்டுக்கிட்டே கிடந்தேன்.